வாஷிங் மெஷின்: ரிப்பேர் பண்ணலாமா, மாத்திடலாமா? வீடு வீடாகக் கேட்ட கேள்விகள்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் 17 வருடமாக வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறேன். டூல் பையைக் கீழே வைப்பதற்குள் வந்துவிடும் கேள்வி, "இதை ரிப்பேர் பண்ணலாமா, மாத்திடலாமா?" என்பது. அதன் பின்னால் வரும் சந்தேகங்களும் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். விலையெல்லாம் எங்கள் பக்கத்தில் வெளி மெக்கானிக்குகள் வாங்கும் உத்தேசத் தொகை. கம்பெனி சர்வீஸ் என்றால் கொஞ்சம் கூடும்.

1. மெஷின் திடீர்னு பாதியில நின்னுடுச்சு. வாங்கி எட்டு வருஷம் ஆச்சு. ஆயுசு முடிஞ்சிருச்சா?

எட்டு வருடம் என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. எந்த பார்ட் போயிருக்கிறது, அது ஏன் போனது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் முடிவு. தெரியாமலே கடைக்குப் போய் புதுசு பார்க்கிறவர்கள் நிறைய.

போன வருடம் சேலையூரில் ஒரு வீடு. ஃப்ரண்ட் லோடு மெஷின், உள்ளே துணி, கண்ணாடிக் கதவின் பாதி வரை சோப்புத் தண்ணீர். இரண்டு நாளாக அப்படியே நிற்கிறது. அந்த அம்மா எக்ஸ்சேஞ்சுக்குப் பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். கீழ் மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, வடிகுழாயில் தண்ணீரை வாளியில் பிடித்துவிட்டு ஃபில்டரைத் திருகி வெளியே எடுத்தேன். குழந்தையின் சாக்ஸ் ஒன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு இரண்டு ரூபாய் நாணயம், இரண்டு ஊக்கு, கறுப்பாக முடிக்கற்றை. பம்ப் விசிறி அதில் மாட்டிக்கொண்டு சுற்ற முடியாமல் நின்றிருக்கிறது. சுத்தம் செய்து போட்டதும் தண்ணீர் வடிந்து, ஸ்பின் ஓடியது. அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அதனால் யாரையும் கூப்பிடுவதற்கு முன் நீங்களே நான்கு இடம் பாருங்கள். பிளக் பாயிண்டில் வேறு எதையாவது செருகிப் பார்த்து கரண்ட் வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். குழாய் முழுசாகத் திறந்திருக்கிறதா? தண்ணீர் உள்ளே போகும் பைப்பைக் கழற்றினால் ஒரு சல்லடை தெரியும், அதில் மணல் அடைத்திருக்கிறதா? கீழே இருக்கும் டிரெயின் ஃபில்டரை எப்போது கடைசியாகத் திறந்தீர்கள்?

2. டிஸ்ப்ளேல ஏதோ இங்கிலீஷ் எழுத்து வருது. போர்டு போச்சுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

அந்த எழுத்து போர்டு, அதாவது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட், உயிரோடு இருப்பதற்கான அடையாளம். போர்டு செத்தால் பெரும்பாலும் டிஸ்ப்ளேயே வராது. எல்ஜி மெஷின்களில் ஐ-ஈ வந்தால் தண்ணீர் போதிய வேகத்தில் வரவில்லை. ஓ-ஈ வந்தால் வடியவில்லை. யூ-ஈ வந்தால் துணி ஒரு பக்கமாக ஒதுங்கி டிரம் சமநிலை இழந்திருக்கிறது. டி-ஈ (dE) வந்தால் கதவு சரியாக மூடவில்லை. சாம்சங்கில் 4 என்று தொடங்கினால் தண்ணீர் வரத்து, 5 என்று தொடங்கினால் வடிகால். மற்ற மெஷின்களுக்கு கூடவே வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பட்டியல் இருக்கும்.

தண்ணீர் வரவில்லை என்ற எழுத்து மேல்மாடி வீடுகளில் அடிக்கடி வரும். மெஷினில் கோளாறு எதுவும் இருக்காது. 10 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால்தான் குழாயில் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் 3 மீட்டர்கூடத் தேறாது, அந்த அழுத்தம் மெஷினுக்குப் போதாது. அங்கே ஒரு சின்ன பிரஷர் பம்ப் போட வேண்டும். இதற்காக மெஷினை மாற்றினால் புது மெஷினிலும் அதே எழுத்துதான் வரும்.

3. சாதாரணமா ஒரு மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும்?

எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஃப்ரண்ட் லோடு 8 முதல் 10 வருடம், டாப் லோடு அதே அளவோ ஒன்றிரண்டு கூடவோ. செமி ஆட்டோமேட்டிக் 12 வருடம் தாண்டியும் ஓடுவதைப் பார்க்கிறேன், ஏனென்றால் அதில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. நல்ல தண்ணீர் வரும் வீட்டில் 14 வருட ஃப்ரண்ட் லோடு ஒன்றுக்கும் போய்வருகிறேன்.

4. எவ்வளவு செலவு வரைக்கும் ரிப்பேர் பண்ணலாம்? புது விலையில பாதிக்கு மேல போனா வேண்டாம்னு சொல்றாங்களே?

அந்தப் பாதி விலைக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. ரிப்பேருக்குப் பிறகு மெஷின் எத்தனை வருடம் ஓடும் என்பதை அது பார்ப்பதில்லை. நான் வருடக் கணக்காகப் பார்க்கச் சொல்வேன். 30,000 ரூபாய்க்கு வாங்கும் ஃப்ரண்ட் லோடு 10 வருடம் ஓடினால் வருடத்துக்கு 3,000. ஆறு வருட மெஷினில் 4,500 செலவழித்து இன்னும் மூன்று வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 1,500. தயங்காமல் ரிப்பேர் செய்யலாம். அதே 4,500-ஐ பதினோரு வருட மெஷினில் போட்டு ஒரு வருடம்தான் வரும் என்றால் புதுசே மேல்.

"எத்தனை வருடம் வரும் என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்பீர்கள். மெஷினைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்குக் கொஞ்சம் தெரியும். டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித் தொட்டியான டப்பைச் சுற்றிலும் துரு இருக்கிறதா, வயர்கள் வெடித்திருக்கின்றனவா, ரப்பர் காய்ந்துவிட்டதா என்று பார்த்தால் மற்ற பார்ட்டுகளின் நிலை புரிந்துவிடும். அவரிடம் நேராகக் கேளுங்கள்: "இதை மாத்தினா அடுத்து எது போகும்?" நன்றாகப் பார்த்தவர் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்.

இன்னொன்று, இரண்டு வருடத்துக்குள் மூன்றாவது தடவையாக, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பார்ட் போகிறது என்றால், இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு 8-வது கேள்விக்குப் போங்கள்.

5. எந்த பார்ட் போனா யோசிக்காம மாத்தலாம்? எது போனா மெஷினுக்கே விடை குடுத்துடணும்?

யோசிக்காமல் மாற்றக்கூடியவை: இன்லெட் வால்வு 500 முதல் 1,000, டிரெயின் பம்ப் 800 முதல் 1,500, கெபாசிட்டர் 150 முதல் 300, பெல்ட் 250 முதல் 500, கதவு லாக் 600 முதல் 1,200, பழைய மாடல் மோட்டாரில் கார்பன் பிரஷ் 400 முதல் 800, ஹீட்டர் 1,000 முதல் 1,800. டாப் லோடில் நான்கு மூலையிலும் டப்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடு செட் 1,000 முதல் 1,800. பத்து வருட மெஷினாக இருந்தாலும் இவற்றுக்குச் செலவழிக்கலாம்.

கொஞ்சம் யோசிக்க வேண்டியவை: ஃப்ரண்ட் லோடு கதவு ரப்பர், அதாவது கேஸ்கட், 1,500 முதல் 2,800. டாப் லோடு கிளட்ச் 2,500 முதல் 4,500. பேரிங், போர்டு இரண்டையும் தனியாகச் சொல்கிறேன்.

வெளி டப் விரிசல், டிரம் கிழிந்துபோவது, கீழ் பாடி துருப்பிடித்து இற்றுப்போவது. இந்த மூன்றில் ஒன்று வந்தால் எட்டு வருடம் தாண்டிய மெஷினில் கை வைக்க வேண்டாம். கீழ் பாடி இற்ற மெஷினில் புது மோட்டார் போட்டாலும் ஸ்பின் ஆகும்போது ஒருநாள் மெஷினின் கால் உள்ளே போய்விடும்.

6. ஸ்பின் ஓடும்போது ஃப்ளைட் கிளம்புற மாதிரி சத்தம். பேரிங்னு சொல்றாங்க. மாத்தலாமா?

முதலில் பேரிங்தானா என்று உறுதி செய்யுங்கள். மெஷினை அணைத்துவிட்டு, காலி டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கரகரவென்று மணல் அரைபடுகிற மாதிரி இருக்கிறதா? அப்புறம் டிரம்மின் உள் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். வெளி டப்பும் சேர்ந்து எழும்பினால் பரவாயில்லை. டிரம் மட்டும் தனியாக லொடலொடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. பின்பக்கம் மூடியைக் கழற்றினால் நடுத் தண்டிலிருந்து காபி கலரில் ஒரு கோடு வழிந்திருக்கும். சத்தம் மட்டும் இருந்து ஆட்டம் இல்லை என்றால், டிரம்முக்கும் டப்புக்கும் நடுவே ஒரு ஊக்கோ கம்பியோ சிக்கியிருக்கலாம்.

பேரிங்கின் விலை பெரிதில்லை. 6205, 6206 என்ற எண்ணில் கடையில் கிடைக்கும், நல்லது ஒன்று 200 முதல் 400 ரூபாய். மெஷினை முழுசாகப் பிரித்து, டப்பை வெளியே எடுத்து, இரண்டாகப் பிளந்து, திரும்பக் கோர்க்கிற மூன்று நான்கு மணி நேர வேலைக்குத்தான் காசு. எல்லாம் சேர்த்து 2,500 முதல் 4,500. இதில் ஆயில் சீலையும் மாற்றியே ஆக வேண்டும். பேரிங் கெட்டதற்குக் காரணமே அந்த சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போனதுதான். சீலை விட்டுவிட்டு பேரிங்கை மட்டும் மாற்றினால் ஒரு வருடத்தில் அதே சத்தம் திரும்ப வரும்.

எங்கள் ஊர்த் தண்ணீருக்கு இன்னொன்றும் முக்கியம். டிரம்மின் முதுகில் மூன்று கை விரித்த மாதிரி ஒரு அலுமினியத் துண்டு இருக்கும். ஸ்பைடர் என்போம். உப்புத் தண்ணீர், கரையாத சோப்புத்தூள், ஸ்டீல் டிரம்மோடு ஒட்டியிருக்கும் அலுமினியம், இந்த மூன்றும் சேர்ந்தால் அது செல்லரித்த கட்டை மாதிரி பொடிந்துபோகும். போன மாதம் பிரித்த ஒன்றில் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தட்டினேன். வெள்ளைப் பொடி கொட்டி, ஒரு கை பாதியாகக் கையோடு வந்தது. அந்த நிலையில் ஸ்பின் போட்டிருந்தால் டிரம் சாய்ந்து டப்பைக் கிழித்திருக்கும். அதனால் பேரிங் வேலைக்குப் பிரிக்கும்போது ஸ்பைடரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் வேலையைத் தொடரலாம். அரித்திருந்தால் இன்னும் 2,500 முதல் 4,000 கூடும், அப்போது 4-வது பதிலின் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

சில மாடல்களில் வெளி டப்பின் இரண்டு பாதியையும் ஒட்டவைத்தே செய்திருப்பார்கள். விளிம்பைச் சுற்றி ஸ்க்ரூவோ கிளிப்போ இருக்காது. பேரிங் மட்டும் மாற்ற வழியில்லை, டப் மொத்தமாக வாங்க வேண்டும். 8,000-க்குக் குறையாது. ஆறு வருடம் தாண்டிய மெஷின் என்றால் அந்தச் செலவு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

7. போர்டு போயிருச்சாம், ஏழாயிரம் கேக்குறாங்க. அதுக்கு மெஷினையே மாத்திடலாம் போல இருக்கே?

புது போர்டுக்கு முன்னால், பழைய போர்டை ரிப்பேர் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கரண்ட் ஏறி வந்து அடித்த போர்டுகளில் பல தடவை ஃபியூஸ், பட்டாணி அளவில் தட்டையாக இருக்கும் வேரிஸ்டர், ஒரு ரிலே, இவ்வளவுதான் போயிருக்கும். போர்டு வேலை மட்டுமே செய்கிறவர்கள் 1,000 முதல் 2,000 ரூபாயில் சரிசெய்து மூன்று மாத கேரண்டி தருகிறார்கள். மைக்ரோ கண்ட்ரோலர் என்ற பெரிய சிப் எரிந்திருந்தால்தான் புது போர்டு. பல்லி ஏறி ஷார்ட் ஆனதையும், எறும்பு கூடு கட்டியதையும் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதுவும் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதுதான்.

8. போன வருஷம்தான் போர்டு மாத்தினோம். இந்த வருஷம் ஹீட்டர். இப்ப மறுபடியும் போர்டு. பேசாம புதுசு வாங்கிடலாம்ல?

வாங்குவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். புது மெஷினும் அதே மூலையில், அதே தண்ணீரில், அதே கரண்டில்தான் ஓடப்போகிறது. இந்தப் பக்கத்தின் மற்ற பதில்களை மறந்தாலும் இது மட்டும் நினைவில் இருக்கட்டும். பழைய மெஷினைக் கொன்றது எது என்று கண்டுபிடிக்காமல் புதுசை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். மூன்று வருடத்தில் இரண்டு மெஷின் மாற்றிய வீடுகளுக்குப் போயிருக்கிறேன். இரண்டும் நல்ல மெஷின்கள்.

போர்டு திரும்பத் திரும்பப் போனால் கரண்டைச் சந்தேகப்படுங்கள். கரண்ட் கட்டாகித் திரும்ப வரும் அந்த நொடியில்தான் அடி விழுகிறது. கட்டானவுடன் சுவிட்சை அணைத்துவிட்டு, கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடும் பழக்கமே பாதி போர்டுகளைக் காப்பாற்றும். உங்கள் பகுதியில் வோல்டேஜ் 230-லிருந்து அடிக்கடி இறங்கி ஏறினால் ஸ்டெபிலைசர் போடுங்கள். ஒரு போர்டின் விலைக்குள் அடங்கிவிடும்.

ஹீட்டர், வால்வு, ஸ்பைடர் என்று போனால் தண்ணீர்தான் காரணம். கழற்றிய ஹீட்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள், சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய் மாதிரி இருக்கும். போர் தண்ணீர் வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணி போடாமல் 100 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) டிரம்மில் போட்டு, 60 டிகிரி வெந்நீரில் ஒரு தடவை ஓட்டுங்கள். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். மாதாமாதம் செய்ய வேண்டாம், அமிலம் அலுமினியத்துக்கும் நல்லதில்லை. லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் மாறி மாறி வரும் வீட்டில், நல்ல தண்ணீர் வரும் நாளில் துவைத்தாலே மெஷினுக்கு ஆயுசு கூடும்.

வயர் அறுந்து அறுந்து நின்றால் எலி. பல மெஷின்களுக்கு அடிப்பக்கம் திறந்தே இருக்கும். எலிக்குக் கதகதப்பான இடம். 300 ரூபாய்க்கு ஒரு கம்பி வலையோ தகடோ அடித்துவிட்டால் 3,000 ரூபாய் வயரிங் செட் மிச்சம். பால்கனியில் வைத்து மழைச்சாரல் அடித்தால் மெஷினை உள்ளே நகர்த்துவதுதான் வைத்தியம்.

9. பத்து வருஷ வாரண்டின்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அதுல வராதா?

ஸ்டிக்கரை இன்னொரு தடவை படியுங்கள், "மோட்டார் மீது" என்று கூடவே எழுதியிருக்கும். வேகத்தை எலக்ட்ரானிக் முறையில் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை மெஷின்களில் மோட்டார் போவதுதான் இருப்பதிலேயே அபூர்வம். போர்டு, பம்ப், பேரிங், கேஸ்கட் எல்லாம் முழு வாரண்டி (பல கம்பெனிகளில் இரண்டு வருடம்) முடிந்தால் உங்கள் செலவு. மோட்டார் இலவசமாக வந்தாலும் விசிட் சார்ஜ், மாட்டும் கூலி தனி. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுப்பதாக இருந்தால் "ரப்பர், பிளாஸ்டிக் பார்ட்டுகள் சேருமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் போர்டும் ஹீட்டரும் சேர்ந்த திட்டம் கிடைத்தால் எடுக்கலாம்.

10. பாடியைத் தொட்டா லேசா சுர்ருங்குது. ஓடுது, அதனால விட்டுட்டோம்.

விடாதீர்கள். இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஈரத் தரை, வெறுங்கால், ஈரக்கை மூன்றும் சேரும் இடம் அது. ரிப்பேரா புதுசா என்ற கேள்வியே அப்புறம்தான்.

பெரும்பாலும் வீட்டு எர்த்தில் குறை இருக்கும். பிளக்கின் மூன்றாவது பின் சுவரில் எங்கேயும் இணைக்கப்படாமல் சும்மா நிற்கும் வீடுகள் உண்டு. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்து, கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று போடச் சொல்லுங்கள். அது போட்ட பிறகு வெந்நீர் புரோகிராமில் மட்டும் டிரிப் ஆனால் ஹீட்டரில் கசிவு, ஹீட்டரை மாற்றினால் முடிந்தது. எல்லா புரோகிராமிலும் டிரிப் ஆனால் மோட்டாரையோ வயரிங்கையோ பார்க்க வேண்டும்.

11. வெள்ளத்துல பாதி மெஷின் மூழ்கிடுச்சு. காய வச்சா ஓடுமா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இந்தக் கேள்வியைத்தான் வாரக்கணக்கில் கேட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்க்கலாம்" என்று பிளக் செருகியதால்தான் நிறைய மெஷின்கள் போயின. செருகாமல் வைத்திருந்தவர்களுக்கு வழி இருந்தது.

டாப் லோடில் போர்டு மேலே இருக்கும். தண்ணீர் முழங்கால் வரை மட்டும் வந்திருந்தால் மோட்டார், கிளட்ச், பம்ப்பைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். 1,500 முதல் 3,000 ஆகும். ஃப்ரண்ட் லோடில் மோட்டாரும் சில மாடல்களில் அதன் இன்வெர்ட்டர் போர்டும் கீழேயே இருக்கும், பேரிங்கிலும் சேற்றுத் தண்ணீர் இறங்கிவிடும். ஓட ஆரம்பித்தாலும் சில மாதத்தில் 6-வது கேள்வியில் சொன்ன சத்தம் வரும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட ஃப்ரண்ட் லோடு, தண்ணீர் கதவு வரை வந்தது என்றால் நான் ரிப்பேருக்கு எடுப்பதில்லை. வாங்கிய காசுக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது.

12. புதுசு வாங்கினா கரண்ட் பில் மிச்சமாகும்னு கடையில சொல்றாங்க.

கரண்டுக்காக மாற்ற வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் ஒரு தடவைக்குக் கால் யூனிட் அளவில்தான் போகும். வாரம் ஐந்து தடவை துவைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 10, 12 யூனிட். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? வெந்நீரில் துவைத்தால் மட்டும் யூனிட் கூடும்.

தண்ணீர்க் கணக்கு வேறு. 7 கிலோ ஃப்ரண்ட் லோடு ஒரு தடவைக்கு 50, 60 லிட்டரில் முடித்துவிடும். டாப் லோடு 100 லிட்டருக்கு மேல் இழுக்கும். வெயில் காலம் முழுக்க லாரித் தண்ணீரை நம்பி ஓடும் அடுக்குமாடி வீட்டில், பழைய டாப் லோடுக்குப் பெரிய செலவும் வந்திருந்தால், ஃப்ரண்ட் லோடுக்கு மாற அது நியாயமான காரணம்.

13. "இந்த மாடலுக்கு ஸ்பேர் நிறுத்திட்டோம்"னு கம்பெனியில சொல்லிட்டாங்க. வேற வழியே இல்லையா?

பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். பழைய பார்ட்டின் மேலேயே ஒட்டியோ அச்சிட்டோ இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பம்ப், ஒரே வால்வு பல மாடல்களுக்குப் பொருந்தும். பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும். போர்டும் கேஸ்கட்டும்தான் மாடலுக்கு மாடல் மாறும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள் கம்பெனிகளின் சர்வீஸ், ஸ்பேர், வாரண்டி விவரங்கள் அதில் இருக்கின்றன. வாரண்டிக்குள்ளேயே ஸ்பேர் இல்லை என்று இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் நம்பரும் புகார் கொடுத்த தேதிகளும் கையில் இருக்கட்டும். அப்புறம், கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். கம்பெனி பெயரில் போலி நம்பர்கள் நிறைய. மெஷினின் ஸ்டிக்கரிலோ பில்லிலோ இருக்கும் நம்பரையே கூப்பிடுங்கள்.

14. ரெண்டு மெக்கானிக் வந்தாங்க. ஒருத்தர் போர்டுங்கிறார், இன்னொருத்தர் மோட்டாருங்கிறார். யாரை நம்புறது?

மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னவரை நம்புங்கள். மூடியைக் கழற்றாமல், நின்ற இடத்திலிருந்தே போர்டு என்று சொல்கிறவர் யூகிக்கிறார். "எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டால் வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வால்வுக்கு கரண்ட் போகிறதா, மோட்டார் காயில் ரீடிங் வருகிறதா என்று காட்டுவார்.

மாற்றிய பழைய பார்ட்டை உங்களிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். போர்டைக் கடைக்கு எடுத்துப்போவதாக இருந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். மெஷினையே எடுத்துப்போக வேண்டியது பேரிங் வேலைக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் வீட்டில் வைத்தே முடியும்.

15. பழசை எக்ஸ்சேஞ்சுல குடுக்கிறதா, பேரீச்சம்பழத்துக்குப் போடுறதா?

ஓடுகிற மெஷின் என்றால் எக்ஸ்சேஞ்ச் தொகையை வெளியில் விற்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் 1,500 என்பதைப் பழைய மெஷின் வாங்கும் மெக்கானிக் 3,000-க்கு எடுப்பார். அதே சமயம், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புதுசின் விலை என்ன என்று தனியாகக் கேளுங்கள். சில கடைகளில் விலையைக் கூட்டிவிட்டு எக்ஸ்சேஞ்ச் என்று கழிப்பார்கள்.

ஓடாத மெஷினை எடைக்குப் போடும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். 60, 70 கிலோ ஃப்ரண்ட் லோடில் 20 கிலோவுக்கு மேல் கான்கிரீட் கல்தான், டிரம் ஆடாமல் இருக்க வைத்திருப்பார்கள். அதைக் கழித்துத்தான் விலை சொல்வார்கள், அது நியாயம்தான். தெருவோரத்தில் உடைத்துச் செம்பை மட்டும் உருவிக்கொண்டு போர்டை எரிக்கும் இடங்களுக்குக் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, ஆயுள் முடிந்த மெஷின்கள் முறையாக மறுசுழற்சி ஆவதற்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு. கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

16. புதுசே வாங்கிட்டோம். முதல் நாளே ஸ்பின்ல மெஷின் நடந்து ஹாலுக்கு வருது!

பின்பக்கம் பாருங்கள். வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்ட மூன்று நான்கு போல்ட்டுகளைக் கழற்ற மறந்திருப்பார்கள். கழற்றிய போல்ட்டைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள், வீடு மாறும்போது திரும்ப வேண்டும். போல்ட் எதுவும் இல்லை என்றால் நான்கு காலும் தரையில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

17. அம்மாகிட்ட 13 வருஷப் பழைய செமி ஆட்டோமேட்டிக். மாத்தலாம்னா விடமாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க.

இப்படிக் கேட்டு ஒரு மகள் என்னை மாடம்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். ஸ்பின் டப் சுற்றவில்லை, மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்த அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: "தம்பி, குழாய்ல தண்ணி வர்றது காலைல ஒரு மணி நேரம். அதுக்குள்ள நான் தண்ணி டிரம்ல பிடிச்சு வச்சுப்பேன். வெள்ளைத் துணி துவைச்ச தண்ணியிலயே மிதியடி போட்ருவேன், கடைசில அதுலயே முற்றம் கழுவிருவேன். புது மெஷின் என் தண்ணியை என்னைக் கேக்காம வெளியே விட்ரும்." அந்த வீட்டுக்கு அவர் சொன்ன கணக்கு முழுக்கச் சரி. ஆட்டோமேட்டிக் மெஷினுக்குக் குழாயில் தொடர்ந்து தண்ணீர் வேண்டும். 2-வது பதிலில் சொன்ன அழுத்தமும் வேண்டும். அங்கே இரண்டும் இல்லை.

மகளிடமும் ஒன்று சொன்னேன். செமி ஆட்டோமேட்டிக்கில் நனைந்த பெட்ஷீட்டைத் தூக்கி ஸ்பின் டப்பில் போட வேண்டும், ஈரத்தில் அது ஐந்தாறு கிலோ இருக்கும். அம்மாவுக்கு இடுப்போ தோளோ வலிக்கத் தொடங்கினால், மெஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் மாற்ற வேண்டிய நேரம் அதுதான். அப்போது மெஷினோடு சேர்த்து மேலே ஒரு 500 லிட்டர் தொட்டியும் பம்பும் போட வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள் என்றேன். அன்றைக்கு ஸ்பின் பிரேக் ஒயரையும் வெடித்திருந்த வடிகால் ஹோஸையும் மாற்றினேன். கூலியோடு 650 ரூபாய். பெட்ஷீட், போர்வை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து போட்டுத் தருவதென்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.